390 கிலோமீட்டரும் 1,740 மீட்டரும்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மைசூரு மண்டகள்ளி விமான நிலையம் வரை வானில் நேர்கோடு போட்டால் சுமார் 390 கிலோமீட்டர். ரயில் பாதையில் அதுவே 500 கிலோமீட்டரை நெருங்கிவிடும். 2022 நவம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானம் பயண உயரத்தை எட்டியபின் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. அப்படியென்றால் முக்கால் மணி நேரம் போதுமே? ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் போட்டிருக்கும். புறப்படும்போது சக்கரத்தின் அடிக்கட்டையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்தபின் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ளதுதான் விமான நிறுவனங்களின் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலேறுவது, வளைந்து வந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். டெல்லிக்குப் போனாலும் மைசூருக்குப் போனாலும் இந்த நேரச் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் குறுந்தூரப் பயணத்தில் அது பெரிதாகத் தெரிகிறது.

மைசூருக்கு ஏன் இந்தச் சிறிய விமானம்? விடை ஓடுபாதையில் இருக்கிறது. 1940-களில் மைசூர் சமஸ்தானம் அமைத்த நிலையம் இது. இன்று ஓடுபாதையின் நீளம் 1,740 மீட்டர். ஊரோ கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் விமானம் எழும்ப இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். ஆட்களை நிரப்பிக்கொண்டு ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் வந்துபோக இந்த நீளம் பத்தாது. நீட்டலாமென்றால் நஞ்சன்கூடு நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் குறுக்கே நிற்கின்றன.

ஓடுபாதை குட்டையாக இருப்பதன் விலையை மைசூர்க்காரர்கள்தான் கொடுக்கிறார்கள். டெல்லிக்கோ மும்பைக்கோ போகிறவர் பெரும்பாலும் பெங்களூரு விமான நிலையத்துக்கே போகிறார். நேர்கோட்டில் அது 160 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மைசூரிலிருந்து கிளம்பும் விமான நிலையப் பேருந்தான ஃபிளைபஸ்ஸில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து 1,700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டெல்லிக்கு விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. 2023-ல் திறந்த விரைவுச்சாலை மைசூரைப் பெங்களூரின் விளிம்பு வரை வேகமாகக் கொண்டுவிடுகிறது. விமான நிலையம் இருப்பதோ ஊரின் மறுகோடியில், தேவனஹள்ளிப் பக்கம்.

மைசூரிலிருந்தே பறக்கும் முயற்சிகளும் நிலைக்கவில்லை. 2010 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் மைசூரில் சேவை தொடங்கியது. ஏறக்குறைய ஓராண்டில் நின்றது. 2017-ல் சிறிய ஊர்களுக்கு விமானச் சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் வந்தது. அதன் பிறகும் பல தடங்கள் வருவதும் போவதுமாகவே இருக்கின்றன. சிறிய விமானத்தில் இருக்கைகள் குறைவு. தடம் நஷ்டத்தில் விழ அதிக நாள் ஆகாது.

ஓடுபாதையை 2,750 மீட்டராக நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. நெடுஞ்சாலையையும் தண்டவாளத்தையும் என்ன செய்வது என்பதை மத்திய, மாநில அரசுகள் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நிலம் கொடுப்பவர்களுக்கு நியாயமான விலை தர வேண்டும். தசராவுக்கு உலகத்தையே அழைக்கும் ஊர் அது. அங்கே வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் போய்வருகிறவர்களின் நான்கு மணி நேரத்தை, இன்னும் ஓராயிரம் மீட்டர் ஓடுபாதை மீட்டுத் தரும்.