மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவா

சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், மயிலாடுதுறை பக்கம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கிளம்பும் பயணம் எதுவானாலும், நிச்சயதார்த்தமோ வளைகாப்போ நவக்கிரகச் சுற்றோ, வாசலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு பழைய டொயோட்டா இன்னோவாதான். ஒன்பது நவக்கிரகத் தலங்களில் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் சீர்காழியைச் சுற்றியே இருப்பதால், வாடகை வண்டிகளின் மீட்டர் இங்கே வேகமாக ஏறும். மூன்று லட்சம், நான்கு லட்சம் கிலோமீட்டர் காட்டும் இன்னோவாவைப் பார்த்து இந்தப் பக்கத்தில் யாரும் வியப்பதில்லை.

இந்தியாவில் 2000இல் வந்த குவாலிஸின் இடத்தை 2005இல் பிடித்தது இன்னோவா. பெங்களூரை அடுத்த பிடதியில் தயாரானது. 2016இல் கிரிஸ்டா வரும்வரை அதன் அடிப்படை அமைப்பு அதிகம் மாறவில்லை: 2,494 சி.சி. டீசல் இன்ஜின், லாரியைப் போலத் தனி அடிச்சட்டம், பின்சக்கர ஓட்டம். குவாலிஸின் பின்பக்கத்தில் இருந்த பட்டை வில்லுக்குப் பதில் சுருள் வில் வந்ததால் கடைசி இருக்கையில் உட்கார்ந்தவருக்கும் இடுப்பு தப்பியது. வண்டி பிரபலமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வண்டிகளில் வார்ப்பிரும்பு இன்ஜின் தேய்ந்து நிற்பது கடைசியில்தான். அதற்கு வெகுகாலம் முன்பே ரப்பர் வெடிக்கிறது, எண்ணெய் கெடுகிறது, தண்ணீர் உள்ளே புகுகிறது. மீட்டரில் உள்ள எண் எவ்வளவு தூரம் ஓடியது என்பதை மட்டும் சொல்லும், எப்படி ஓடியது என்பதைச் சொல்லாது. சென்னைக்கும் சீர்காழிக்கும் நெடுஞ்சாலையில் சீராக ஓடிய இரண்டு லட்சம், ஊருக்குள்ளேயே வரப்போரச் சாலையில் குலுங்கிய ஒரு லட்சத்தைவிட வண்டிக்கு நல்லது.

இன்ஜினுக்கு வேண்டியது முதலில் எண்ணெய். டீசல் இன்ஜினில் ஊற்றிய சில நாளிலேயே எண்ணெய் கறுத்துவிடும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கறுப்பாகத்தான் இருக்கும் என்று அலட்சியமாக விட்டு, மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டுவதுதான் தவறு. வண்டி குறைவாக ஓடினாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் வந்து நின்றவுடன் சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டால் சூடான டர்போவுக்குள் எண்ணெய் கருகாது. எண்ணெயைவிடப் பெரிய விஷயம் டைமிங் பெல்ட். 2016க்கு முந்தைய டீசல் இன்னோவாவில் வால்வுகளை இயக்குவது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி இன்ஜின் மேல்பாகமே பிரிக்க வேண்டிய நிலை வரும். பழைய வண்டி வாங்குகிறவர், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது. பெல்ட்டோடு டென்ஷனரையும், முடிந்தால் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை பிரிக்க வேண்டியதில்லை. கிரிஸ்டாவில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. இந்தக் கவலை இல்லை.

ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர் டெல்டாவில் தனிப் பிரச்சினை. கடலோரப் பகுதியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. வழியில் சூடேறிய வண்டிக்குக் கோயில் வாசல் போர்க் குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து ஊற்றுவது சாதாரணமாக நடக்கிறது. அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் படிந்து அடைக்கிறது, அலுமினியத்தை அரிக்கிறது. ஓரிரு ஆண்டில் வண்டி மேட்டில் ஏறும்போது சூடு ஏறும். அதையும் மீறி ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போகும். நிறுவனம் சொல்லும் கூலன்ட்டை ஒரு பாட்டில் வண்டியிலேயே வைத்திருப்பதற்கு ஆகும் செலவு, கேஸ்கட் வேலையின் கூலியில் ஒரு சிறு பங்குகூட வராது.

டீசல் பக்கத்தில் எதிரி தண்ணீர்தான். காமன் ரெயில் அமைப்பில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குப் போகிறது. டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டரை பாருக்கும் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நுண்துளைகளின் வேலை புரியும். ஒரு துளித் தண்ணீரும் கொஞ்சம் துருத்தூளும் போதும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுக்க, கறும்புகை விட, சும்மா நிற்கும்போது வண்டி நடுங்க. பம்ப்செட்டுக்கென்று கேனில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றுவது விவசாயக் குடும்பங்களில் உள்ள பழக்கம். கேனின் அடியில் தங்கிய நீரும் அதோடு போகும். டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீரை வடிக்கத் திருகு இருக்கிறது. மழைக்காலத்தில் அதை அவ்வப்போது திறந்து வடிப்பது பலர் மறந்துபோன வேலை.

பழைய குடும்ப வண்டியின் உண்மையான வயது அடிப்பாகத்தில்தான் தெரியும். முன்சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்ம் இரும்பு. அது அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ், சக்கரத்தோடு சேரும் இடத்தில் பால் ஜாயின்ட். எட்டுப் பேர், மேலே கேரியரில் மூட்டை, பின்னால் தாம்பூலப் பைகள் என்று போகும் வண்டியில் இந்த ரப்பர்தான் அடிபடுகிறது. வேகத்தடையில் இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது, அலைன்மென்ட் பார்த்த ஒரு வாரத்திலேயே வண்டி மறுபடி ஒரு பக்கம் இழுப்பது எல்லாம் இங்கிருந்து வரும் அறிகுறிகள். புஷ் தளர்ந்த வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது வீண் செலவு. சக்கரம் நிற்கும் இடமே நிலையில்லாதபோது அளவு எப்படி நிற்கும்? முதலில் புஷ், பிறகு லிங்க் ராடு, டை ராடு எண்ட், அதன்பின் அலைன்மென்ட் என்பதே சரியான வரிசை. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று பால் ஜாயின்ட்டை மட்டும் விடக்கூடாது. அது கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் சாய்ந்துவிடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி நொண்டும்.

அறுவடை நாளில் இன்னொரு தொல்லை. குறுவையும் சம்பாவும் அறுக்கும் மாதங்களில் கிராமச் சாலையில் நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. பரப்பிய வைக்கோல்மேல் போகும்போது அது அடியில் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் கயிறுபோல் சுற்றிக்கொள்ளும். இறுகியது ஆயில் சீலை அரித்தால் கியர் எண்ணெய் கசியும். சைலன்சர் குழாயின் சூட்டில் வைக்கோல் பற்றி வண்டியே எரிந்த சம்பவங்கள் தமிழகத்தில் நடந்திருக்கின்றன. முடிந்தால் சுற்றிப் போகலாம். வழியில்லாமல் மேலே ஏறினால், தாண்டியதும் தரையில் வைக்கோல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்திக் குனிந்து அடியில் பார்ப்பது அவசியம். ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்டுகளில் ஆட்டம் இருந்தால் கிளம்பும்போது ‘டிங்’ என்ற ஓசை கேட்கும். கிரீஸ் நிப்பிள் உள்ள ஜாயின்ட் என்றால் எண்ணெய் மாற்றும்போதே கிரீஸும் அடிக்கச் சொல்லலாம். பட்டறைகளில் கேட்டால்தான் அடிப்பார்கள்.

வயல் அறுத்து முடிந்ததும் எலிகள் வீடுகளுக்கு வருகின்றன. வெதுவெதுப்பான பானட்டுக்குள் அவை கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். திடீரென்று எரியும் இன்ஜின் விளக்குக்கு விலை உயர்ந்த சென்சாரை மாற்றுமுன், ஒயர்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றிச் சீர்காழிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. 2022 நவம்பர் 11-12இல் ஒரே நாளில் இங்கே 44 செ.மீ. மழை கொட்டியது. தெருவில் நின்ற வண்டிகள் பலவற்றின் பாதி உயரத்துக்குத் தண்ணீர். இப்படி மூழ்கிய வண்டியை ‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்புவதுதான் இன்ஜினைக் கொல்கிறது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைக் காற்றைப்போல அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்ட, கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சாதாரண காப்பீட்டில் இந்தச் சேதத்தை உரிமையாளரின் தவறாகக் கருதித் தொகை தர மறுப்பது உண்டு. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு தனியாக எடுத்திருந்தால் வழி உண்டு. செய்ய வேண்டியது, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துச் செல்வது. இன்ஜின் தப்பினாலும் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எண்ணெய்களைத் திறந்து பார்க்க வேண்டும். மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வீல் பேரிங்குகள் பல மாதம் கழித்து ஊளையிட ஆரம்பிப்பதும் அந்த வெள்ளத்தின் வேலைதான்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; கடலோரக் காற்றில் இன்னும் வேகமாக. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது மலிவான பாதுகாப்பு. பின் டிரம்மில் சேறு ஏறி ஹேண்ட் பிரேக் இறுகிப்போவது நாற்று நடும் காலத்தில் சாதாரணம். கிளட்ச் பிளேட்டின் ஆயுள் முழுக்க ஓட்டுபவரின் இடது காலில் இருக்கிறது. குடும்ப வண்டிக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புது ஆக்டிங் டிரைவர் வந்தால் கிளட்ச் சீக்கிரம் தேயும். பின் ஏ.சி.க்குப் போகும் குழாய்கள் வண்டியின் அடியில் ஓடுவதால் சேறும் உப்பும் பட்டு அரிக்கும். ‘பின்னால மட்டும் கூலிங் வரலை’ என்ற புகாருக்குக் கேஸ் நிரப்புமுன் குழாயில் கசிவு பார்க்க வேண்டும். முன்னால் உள்ள கண்டென்சரில் நெல் உமியும் தூசும் அடைத்தாலும் குளிர்ச்சி குறையும். மெல்லிய தண்ணீர் அழுத்தத்தில் கழுவினால் சரியாகிவிடும்.

ஓடாத வண்டியும் கெடும். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, வீட்டில் போர்வை போட்டு நிற்கும் இன்னோவாக்கள் பல. அவற்றின் டயர் பட்டன் முழுதாக இருக்கும்; ஆனால் ரப்பர் வெடித்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் அதன் பிறந்தநாள்: 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரம். திடீரென்று ஊருக்கு வந்து அந்த டயரோடு குடும்பத்தை ஏற்றி நெடுஞ்சாலையில் பறப்பது ஆபத்து. ஸ்டெப்னியின் தேதியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பழையதை வாங்குகிறவர்கள் டி-போர்டாக ஓடி வெள்ளைப் பலகைக்கு மாறிய வண்டியை ஒதுக்கித்தள்ள வேண்டியதில்லை. வாடகை வண்டி எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். ஆகவே ஒரு குறைந்தபட்சக் கவனிப்பு அதற்குக் கிடைத்திருக்கும். மீட்டரைத் திருத்தியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கை மூன்றும் மீட்டர் காட்டும் எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு நீட்டிக்கலாம், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2010இல் பதிவான இன்னோவாக்களுக்கு 2025இல் அந்தக் கணக்கு வந்துவிட்டது. புஷ், பெல்ட், கிளட்ச், இன்ஜெக்டர் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. அவற்றின் செலவை விலையில் பேசிக் குறைக்கலாம். ஆனால் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்போது அடிச்சட்டத்தில் துரு தின்று ஓட்டை தெரிந்தால், இன்ஜின் எவ்வளவு மெதுவாக உறுமினாலும் அந்த வண்டியை வாங்க வேண்டாம்.