கரிசலின் வேலைநாள்

2019-ல் ‘அசுரன்’ வந்ததிலிருந்து தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து மண்ணும் பேச்சும் தமிழ்ப் படங்களில் அழுத்தமாகக் காலூன்றிவிட்டன. கோவில்பட்டித் தியேட்டரில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பது தனி அனுபவம். இந்தப் படங்களில் கோபம் சரியாக வந்திருக்கிறது. வேலைதான் வரவில்லை.

‘அசுரன்’ படத்துக்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ (1982), கொலை செய்த சிறுவனும் தகப்பனும் காட்டில் பதுங்கிக் கிடப்பதைச் சொல்லும். அவர்கள் என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்பதெல்லாம் நாவலில் விரிவாக வரும். வெற்றிமாறன் தகப்பனுக்கு ஒரு முன்கதை கொடுத்தார், பஞ்சமி நிலத்தைப் பேசினார். அது பெரிய காரியம். ஆனால் சோறு போடும் காடு படத்தில் சண்டைக்களமாகச் சுருங்கிவிட்டது.

‘கர்ணன்’ (2021) நம் வீட்டு வாசலுக்கே வந்த கதை. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொடியன்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியதை இங்கே யாரும் மறக்கவில்லை. படம் நினைவூட்டுவது அதைத்தான். பேருந்து நிற்காத ஊரில் ஒரு சிறுவன் கல்லெறியும் காட்சியில் மாரி செல்வராஜ் அத்தனை வருடத்து அவமானத்தையும் சொல்லிவிடுகிறார். கடைசியில் வாள் வீச்சுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை, அழிக்கப்பட்ட வீடுகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

அவருடைய ‘வாழை’ (2024) வேறு மாதிரி. கரிசல் கதை அல்ல, ஆற்றுப்பாசனக் கதை. ஆனாலும் வேலையையே நாடகமாக்கிய படம் அதுதான். லீவு நாளில் தார் சுமக்கப் போகாமல் தப்பிக்கப் பார்க்கும் பையனின் பிடரி வலி நமக்கும் வலிக்கிறது. தாருக்குக் கூலி கூட்டிக் கேட்கிறார்கள். பிறகு தாரோடு தாராக ஆட்களும் ஒரே லாரியில் ஏறிப் போகிறார்கள். வில்லனின் அரிவாள் தேவைப்படவில்லை. கணக்குப் பார்க்கும் ஒரு முதலாளியே போதும்.

வேலையைக் கதையாக்குவதைத் தொண்ணூறுகளிலேயே செய்தவர் பூமணி. தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக அவர் இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’, பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பும் குடும்பத்தின் கதை. இன்றைய இளம் இயக்குநர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டும்.

விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் இன்னும் படமாகாத கதைகள் கிடக்கின்றன. மழையை நம்பிப் புரட்டாசியில் புழுதி விதைப்பு. மழை தவறினால் மறுபடி கடன் வாங்கி மறுவிதைப்பு. தப்பிய மக்காச்சோளத்தில் படைப்புழு. அதையும் தாண்டியதைக் காட்டுப்பன்றி உழப்பிவிட்டுப் போகும். பயிர்க் காப்பீட்டுப் பணத்துக்கு அலையும் சம்சாரியின் வருடம் ஒன்றை இரண்டரை மணி நேரத்தில் சொல்ல ஒரு இயக்குநர் வரட்டும். முதல் காட்சிக்கு நாங்கள் டிக்கெட் எடுக்கிறோம்.