பூட்டு உடையல... சாவி கை மாறிடுச்சு! அமெரிக்க ரகசியக் கசிவும் 'திருமங்கலம் ஃபார்முலா'வும்

திண்டுக்கல் என்றதும் பிரியாணிக்கு முன்பே நினைவுக்கு வரவேண்டியது பூட்டு. நாகல் நகர் பக்கம் பட்டறைகளில் கையால் செய்யப்படும் இந்தப் பூட்டுகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், எவ்வளவு கெட்டியான பூட்டாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சாவியை நாமே தப்பான ஆளிடம் கொடுத்துவிட்டால், பூட்டு மறுபேச்சு பேசாமல் திறந்துவிடும்.

2025-ல் அமெரிக்க அரசுக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். அந்த விவகாரத்தில் பென்டகனின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நடத்திய விசாரணையின் அறிக்கை டிசம்பர் 4 அன்று வெளியானது. பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் தன் சொந்த போனில், தனியார் மெசேஜிங் ஆப் வழியாக ராணுவத் தகவல்களை அனுப்பியது துறை விதிகளுக்கு எதிரானது; அது வீரர்களின் உயிருக்கும் தாக்குதல் திட்டத்துக்கும் ஆபத்தாக முடிந்திருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை.

வாஷிங்டனில் நடந்த கூத்து நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால், அமெரிக்க அரசின் ரகசியம் கசிந்ததில் நம் தென் மாவட்ட அரசியலே ஒருமுறை சந்திக்கு வந்திருக்கிறது.

அப்படி என்னதான் நடந்துச்சு?

2025 மார்ச் 15. ஏமன் நாட்டின் ஹவுதி படையினர் மீது அமெரிக்கா வான்வழித் தாக்குதல் நடத்தியது. அதற்கு முந்தைய நாட்களில், அப்போதைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் 'சிக்னல்' ஆப்பில் ஒரு குரூப் தொடங்கினார். துணை அதிபர் ஜே.டி.வான்ஸ், பாதுகாப்பு அமைச்சர், வெளியுறவு அமைச்சர், சிஐஏ இயக்குநர், தேசிய உளவுத்துறை இயக்குநர் துளசி கப்பார்ட் என்று அதில் இருந்தவர்கள் எல்லோருமே பெரிய தலைகள்.

கூடவே, யாருக்கும் தெரியாமல் ஒருவர் இருந்தார். 'தி அட்லாண்டிக்' பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்.

தாக்குதல் நடந்த அன்று, போர் விமானங்கள் எத்தனை மணிக்குக் கிளம்பும், குண்டுகள் எத்தனை மணிக்கு விழும் என்ற விவரங்களை ஹெக்செத் அந்த குரூப்பில் போட்டார். முதல் விமானம் கிளம்ப அரை மணி நேரம்தான் இருந்தது. அதையெல்லாம் ஒரு பத்திரிகையாளர் காரில் உட்கார்ந்தபடி போனில் படித்துக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால்? தகவல் எதிரிக்குப் போயிருந்தால், ஆபத்து அந்த விமானிகளுக்குத்தான்.

அவர் நம்பர் எப்படி உள்ளே வந்தது?

ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை. 'தி கார்டியன்' வெளியிட்ட செய்தியின்படி, காரணம் மிகச் சாதாரணமானது. 2024 அதிபர் தேர்தல் பிரசாரத்தின்போது கோல்ட்பெர்க் அனுப்பிய ஒரு மின்னஞ்சலை, பிரசாரக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வால்ட்ஸுக்கு மெசேஜாக ஃபார்வர்ட் செய்தார். அதன் அடியில் கோல்ட்பெர்க்கின் போன் நம்பரும் இருந்தது. ஃபார்வர்ட் செய்தவரின் புது நம்பர் அதுதான் என்று ஐபோனே நினைத்துக்கொண்டு, 'சேவ் பண்ணவா?' என்று கேட்டிருக்கிறது. நம்பர் சேவ் ஆனது. மாதங்கள் கழித்து, அந்த ஆளைச் சேர்ப்பதாக நினைத்து பத்திரிகை ஆசிரியரைச் சேர்த்துவிட்டார் வால்ட்ஸ்.

ஆபீஸ் குரூப்பில் போடவேண்டியதை ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டு 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' தேடிய அனுபவம் பலருக்கும் இருக்கும். அதே தவறுதான். இவர்கள் கையில் இருந்தது போர்த் திட்டம் என்பதுதான் வித்தியாசம்.

சிக்னல் பாதுகாப்பான ஆப்தானே?

ஆமாம், பூட்டு நல்ல பூட்டுதான். அனுப்புபவர், பெறுபவர் தவிர நடுவில் யாராலும் படிக்க முடியாத 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்' அதில் இருக்கிறது. ஆனால், அந்தப் பாதுகாப்பு இரண்டு இடங்களில் உதவாது:

* குரூப்பில் சேர்க்கப்பட்ட எல்லோருமே 'பெறுபவர்'தான். தப்பான ஆளைச் சேர்த்தால், அவருக்கும் சேர்த்தே கதவு திறக்கும்.
* மெசேஜ் வழியில் பத்திரமாக இருக்கும். ஆனால், போனுக்குள் உளவு மென்பொருள் புகுந்துவிட்டால், திரையில் தெரிவதெல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

அதனால்தான் அரசு ரகசியங்களுக்குத் தனி நெட்வொர்க், தனிக் கருவி, தனி அறை என்று விதிகள் இருக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த குரூப்பில் மெசேஜ்கள் சில வாரங்களில் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தது. அரசு முடிவுகள் ஆவணமாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நாளை யாராவது கேள்வி கேட்டால் காட்டுவதற்குக் காகிதமே இருக்காது.

தவறைவிட மோசமான தவறு

விஷயம் மார்ச் 24 அன்று வெளியே வந்தது. 'போர்த் திட்டத்தை யாரும் மெசேஜில் அனுப்பவில்லை' என்று ஹெக்செத் மறுத்தார். பத்திரிகையாளரைத் திட்டியும் தீர்த்தார். இரண்டே நாளில், மார்ச் 26 அன்று, 'தி அட்லாண்டிக்' அந்த மெசேஜ்களை அப்படியே வெளியிட்டது. நேரம், விமான வகை எல்லாம் அதில் இருந்தன.

வால்ட்ஸ் மே மாதம் பதவியிலிருந்து நகர்த்தப்பட்டார். பிறகு ஐநா-வுக்கான அமெரிக்கத் தூதரானார். ஹெக்செத் பதவியில் தொடர்கிறார். ஒரு தகவலை ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு என்பதை டிசம்பர் அறிக்கையும் ஒப்புக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, தான் முழுமையாக விடுவிக்கப்பட்டதாக அவர் சொல்லிக்கொள்கிறார். ஆனால், அவர் குரூப்பில் போட்ட விவரங்கள், 'வெளிநாட்டவருக்குக் காட்டக் கூடாது' என்ற முத்திரையோடு அவருக்கு வந்த ரகசிய மின்னஞ்சலில் இருந்தவை என்றும் அதே அறிக்கைதான் சொல்கிறது.

திருமங்கலத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

திண்டுக்கல்லில் இருந்து மதுரையைத் தாண்டி, அதே நான்குவழிச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் திருமங்கலம். 2009 ஜனவரியில் அங்கு நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகுதான் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லே தமிழக அரசியல் அகராதியில் ஏறியது. வாக்காளர்களுக்குக் கவரில் பணம் போன கதை ஊருக்கே தெரியும். ஆனால், அதை அமெரிக்க அரசு தன் கோப்பில் எழுதி வைத்திருந்தது 2011 வரை யாருக்கும் தெரியாது.

சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரிகள் 2009-ல் தென் மாவட்டங்களில் அரசியல்வாதிகள், அவர்களுக்கு நெருக்கமானவர்கள் எனப் பலரிடம் பேசினார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், காலையில் வரும் செய்தித்தாளுக்குள் கவர் எப்படி வந்தது என்பதெல்லாம் பெயர்களோடு அறிக்கையாகி வாஷிங்டனுக்குப் போனது. பேசியவர்கள், 'அமெரிக்காக்காரனிடம்தானே சொல்கிறோம், வெளியே போகாது' என்று நம்பித்தான் பேசியிருப்பார்கள்.

அங்கேதான் பூட்டு திறந்தது. இராக்கில் பணியாற்றிய செல்சி மேனிங் என்ற அமெரிக்க ராணுவ உளவு ஆய்வாளர், அரசு நெட்வொர்க்கில் இருந்த 2.5 லட்சத்துக்கும் அதிகமான தூதரக அறிக்கைகளைப் பிரதியெடுத்து விக்கிலீக்ஸுக்குக் கொடுத்தார். இங்கேயும் ஹேக்கிங் இல்லை. அவரிடம் முறையான அனுமதி இருந்தது. அது தேவைக்கும் அதிகமான அனுமதி.

இந்தியா தொடர்பான அறிக்கைகளை 'தி இந்து' 2011 மார்ச்சில் வெளியிடத் தொடங்கியது. தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம்தான் இருந்தது. 2008-ல் மன்மோகன் சிங் அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு பற்றிய அறிக்கையும் வெளியாகி நாடாளுமன்றமே அமளியானது. திருமங்கலம் அறிக்கையில் பெயர் வந்தவர்கள் தரப்பில் மறுப்புகள் வந்தன. யார் சொன்னது உண்மை என்பது தனிக் கேள்வி. ஆனால், ஒரு பாடத்தை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்: அமெரிக்கத் தூதரகத்தில் பேசுவது என்றைக்கு வேண்டுமானாலும் பேப்பரில் வரலாம்.

உலகம் முழுக்க இதே கதைதான். கசிந்த அறிக்கைகளால் மெக்சிகோவில் அமெரிக்கத் தூதர் பதவி விலக நேர்ந்தது. ஈக்வடார் தன் நாட்டிலிருந்த தூதரை வெளியேற்றியது.

ஒருமுறை இல்ல... திரும்பத் திரும்ப

* 2013: எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள். நட்பு நாடான ஜெர்மனியின் சான்ஸலர் ஏங்கலா மெர்கெலின் போனையே அமெரிக்கா குறிவைத்ததாகச் செய்தி வெடித்தது.
* 2014: அதே ஆவணங்கள் மூலம், அமெரிக்கா 2010-ல் கண்காணிக்க அனுமதி பெற்ற பட்டியலில் பாஜக-வும் இருந்தது தெரியவந்தது. இந்தியா அமெரிக்கத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டித்தது.
* 2023: 21 வயதான ஜாக் டெய்ஷெய்ரா என்ற விமானப்படை ஊழியர், உக்ரைன் போர் பற்றிய ரகசியங்களை 'டிஸ்கார்ட்' தளத்தில் நண்பர்களுக்குப் போட்டார். அவருக்கு 15 ஆண்டு சிறை.

இங்கே ஒரு முரண் கண்ணில் படும். சிறிய பதவியில் இருந்த டெய்ஷெய்ராவுக்கு 15 ஆண்டு. மேனிங்குக்கு 35 ஆண்டு தண்டனை. ஒபாமா குறைத்ததால் 2017-ல் வெளியே வந்தார். மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்கு? ஒருவருக்குப் பதவி மாற்றம், இன்னொருவருக்கு அதே பதவி.

நம்பிக்கை போனால் என்ன ஆகும்?

உளவுத் தகவல் பரிமாற்றம் என்பது கைமாற்று மாதிரி. எழுத்து இல்லை, சாட்சி இல்லை, நம்பிக்கை மட்டும்தான். ஒரு நாடு தன் ஆள் உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்த தகவலை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கிறது. அது கசிந்தால் சாவது அந்த ஆள். ஏமன் தாக்குதல் குரூப்பில் வந்த ஒரு விவரம் இஸ்ரேல் கொடுத்த தகவலை அடிப்படையாகக் கொண்டது என்றும், அதனால் இஸ்ரேல் அதிகாரிகள் கோபப்பட்டார்கள் என்றும் அமெரிக்க ஊடகங்களே எழுதின. 2025 அக்டோபரில், அமெரிக்காவுடன் சில தகவல்களை முன்புபோல் பகிர்வதில்லை என்று நெதர்லாந்து உளவுத்துறைத் தலைவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஏமன் தாக்குதலுக்கு மறுநாள், மார்ச் 16 அன்று, அந்த குரூப்பில் இருந்த துளசி கப்பார்ட் டெல்லியில் அஜித் தோவலைச் சந்தித்துப் பேசினார். பேச்சில் முக்கிய இடம் உளவுத் தகவல் பகிர்வுக்குத்தான்.

பியூ ஆய்வு மையம் 2025 ஜூனில் 24 நாடுகளின் கருத்துக்கணிப்பை வெளியிட்டது. உலக விவகாரங்களில் டிரம்ப் சரியாக நடப்பார் என்று நம்பியவர்கள் சராசரியாக 34% பேர்தான். சுவாரஸ்யம் என்னவென்றால், பாதிக்கும் மேற்பட்டோர் அவரை நம்பிய சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

அதற்குப் பிறகு வந்தது ஆகஸ்ட். இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த வரி ஆகஸ்ட் 27 முதல் 50% ஆனது. 2030-க்குள் இருதரப்பு வர்த்தகத்தை 50,000 கோடி டாலராக உயர்த்துவோம் என்று பிப்ரவரியில் மோடியும் டிரம்பும் சேர்ந்து அறிவித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் இருந்து நூல் திருப்பூருக்குப் போகிறது. அங்கிருந்து பனியனாக அமெரிக்கா போகிறது. ஆகவே, அந்த வரியின் சூடு திண்டுக்கல் சமவெளி வரை எட்டக்கூடியதாக இருந்தது. வரியும் ரகசியக் கசிவும் வேறு வேறு விஷயங்கள்தான். ஆனால், 'இவங்க சொன்ன சொல்லு நாளைக்கும் நிக்குமா?' என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

நம்ம வீட்டுப் பூட்டு எப்படி?

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்பு, நம் கதவையும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது நல்லது.

2019 அக்டோபர். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கணினி வைரஸ் என்று செய்தி பரவியது. தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீய மென்பொருள் இருந்தது உண்மைதான், செப்டம்பரிலேயே தகவல் வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருப்பதால் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. அந்த விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் மக்கள் நம்பியிருப்பார்கள்.

2023 ஜூனில், போன் நம்பரைப் போட்டால் கோவிட் தடுப்பூசிக்குப் பதிந்தவரின் விவரத்தைக் கக்கும் டெலிகிராம் பாட் ஒன்று சுற்றியது. கோவின் தளத்தில் கசிவு என்பது ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது மத்திய அரசு. பிறகு அதே விவகாரத்தில் ஒருவர் கைதானார்.

வாஷிங்டன், கூடங்குளம், டெல்லி... மூன்றிலும் ஒரே வரிசை. முதலில் கசிவு, அடுத்து மறுப்பு, அப்புறம் ஆதாரம். கசிவை மன்னிக்கும் மக்கள்கூட, அந்த நடு மறுப்பை மறப்பதில்லை. அடுத்த முறை அரசு உண்மையைச் சொன்னாலும் காது கொடுக்க ஆள் இருக்காது.

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குபவர்கள் எத்தனை சாவி வரும் என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். அரசுகளிடம் மக்கள் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: மொத்தம் எத்தனை சாவி, எல்லாம் யார் யார் கையில் இருக்கு?