இந்தியன் தாத்தாவுக்கு என்ன வயது?
28 ஆண்டுக்குப் பின் வந்த படமும் ஓயாத வாக்குவாதமும்

இந்தியன் தாத்தாவுக்கு இப்போது என்ன வயது?

"இந்தியன்-2" பற்றிய பேச்சு வந்தால் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அது மாட்டுங்கா ஓட்டலாக இருக்கட்டும், தாராவி டீக்கடையாக இருக்கட்டும், டோம்பிவிலியில் இருந்து வரும் காலை ரெயிலாக இருக்கட்டும். நாலு தமிழர் கூடினால் போதும், கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறார்கள்.

சேனாபதி, நேதாஜியின் படையில் இருந்தவர். 1996 மே மாதம் முதல் படம் வந்தபோதே அவர் பழுத்த கிழவர். இரண்டாம் பாகம் வந்தது 2024 ஜூலை 12-ந் தேதி. இடையில் 28 ஆண்டுகள். கூட்டிப் பார்த்தால் தாத்தாவுக்கு நூறு தாண்டுகிறது. ஆனால் படத்தில் அவர் பத்துப் பேரைப் பந்தாடுகிறார். ஒற்றைச் சக்கர வண்டியில் ஏறிச் சாலையில் பறக்கிறார்!

"வர்மக்கலை தெரிந்தவருக்கு வயது ஏது அண்ணாச்சி?" என்பார் இளையவர்.

"நம்ம ஊர் ஆசான்கள் எல்லோரும் நூறு வயதில் சுவர் ஏறிக் குதிக்கிறார்களா தம்பி?" என்று மடக்குவார் மூத்தவர்.

சிரிப்பு எழும். ஆனால் சண்டை வயதைப் பற்றியது அல்ல. முதல் படத்திலும் நம்ப முடியாத காட்சிகள் எத்தனையோ உண்டு. அன்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. இரண்டாம் பாகத்தில் ஏன் கேட்டார்கள்?

கைதட்டிய குமாஸ்தாக்கள்

முதல் "இந்தியன்" வந்த நேரம் அப்படி. தமிழ்நாட்டில் அப்போதுதான் சட்டசபைத் தேர்தல். மூலைக்கு மூலை ஊழலைப் பற்றியே பேச்சு. ஏ.எம்.ரத்னம் தயாரிக்க, ஏ.ஆர்.ரகுமான் இசையமைக்க, டைரக்டர் ஷங்கர் எடுத்த மூன்றாவது படம் அது. தந்தை, மகன் என்று இரண்டு வேடம் போட்ட கமல்ஹாசனுக்கு தேசிய விருது கிடைத்தது. ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் அதுதான்.

மும்பைத் தமிழருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. படம் "ஹிந்துஸ்தானி" என்ற பெயரில் இந்தியிலும் வந்தது. மனிஷா கொய்ராலாவும் ஊர்மிளாவும் இந்த ஊருக்குத் தெரிந்த முகங்கள். பக்கத்து மேஜை மராத்திக்காரரிடம், "இது எங்கள் ஊர்ப் படம்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் சேனாபதி கத்தியை எடுத்தது அலுவலக மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களை நோக்கித்தான். அதைப் பார்த்துக் கைதட்டியவர்களில் மேஜைக்குப் பின்னால் இருந்து பிழைப்பவர்களும் இருந்தார்கள். ஆபீசில் பைல் தள்ளுகிற குமாஸ்தாவும், ரேஷன் கார்டு வாங்க வரிசையில் நிற்பவரே அல்லவா!

கத்தியை விடக் கூர்மையாக இருந்தது கதை. தீக்காயம் பட்ட மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார் சேனாபதி. டாக்டர் பணம் கேட்கிறார். கொடுக்க மாட்டேன் என்கிறார் தகப்பன். மகள் செத்துப் போகிறாள்.

மகன் சந்துருவோ அப்பாவின் நேர்மை பிடிக்காமல் வீட்டை விட்டுப் போனவன். வாகன அலுவலக வாசலில் தரகு வேலை பார்த்து, பிறகு அங்கேயே பிரேக் இன்ஸ்பெக்டர் ஆகிறான். காசு வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்சுக்குச் சான்று கொடுக்கிறான். பள்ளிக் குழந்தைகள் மடிகிறார்கள். மற்றவரைக் குத்திய அதே கத்தியால் பெற்ற மகனையும் குத்துகிறார் கிழவர்.

கொள்கைக்காக ஒரு மகளையும் ஒரு மகனையும் பறிகொடுத்த மனிதர் அவர். அவர் எத்தனை வயதில் எத்தனை பேரை அடித்தால்தான் என்ன, யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

பட்ட பாடு

இரண்டாம் பாகம் வளர்ந்த கதை தனிக் கதை. 2019-ல் படப்பிடிப்பு தொடங்கியது. 2020 பிப்ரவரி 19-ந் தேதி சென்னை அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து 3 பேர் பலியானார்கள். பிறகு கொரோனா. பிறகு தயாரிப்பாளருக்கும் டைரக்டருக்கும் கோர்ட்டு வழக்கு. 2022 ஆகஸ்டில்தான் மறுபடி கேமரா சுழன்றது. நடித்துக்கொண்டிருந்த விவேக்கும் நெடுமுடி வேணுவும் 2021-லேயே காலமாகி விட்டார்கள். எடுத்த படமோ நீண்டுகொண்டே போக, மூன்றாம் பாகம் என்று ஒன்றைத் தனியே பிரித்தார்கள். அப்படியும் இரண்டாம் பாகம் மூன்று மணி நேரம் ஓடியது! திரைக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடங்களை வெட்டினார்கள்.

தாமதம்தான் படத்தைக் கெடுத்தது என்கிறது ஒரு கட்சி. இந்த வாதம் முழுதாக நிற்கவில்லை. 2001-ல் வந்த இந்திப் படம் "கதர்". அதன் இரண்டாம் பாகம் 22 ஆண்டு கழித்து 2023-ல் வந்து தியேட்டர்களை நிரப்பவில்லையா? காத்திருந்த கூட்டம் அங்கே கோபித்துக்கொள்ளவில்லை.

பிரம்மாண்டம் யார் குற்றம்?

இன்னொரு கட்சி டைரக்டரின் பாணியையே குறை சொல்கிறது. அவர் கதையை விட்டுவிட்டு செட்டுக்குச் செலவழிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. இதுவும் பாதி உண்மைதான். "ஜென்டில்மேன்" காலத்தில் இருந்தே ஷங்கர் அப்படித்தான். ஊழலால் பாதிக்கப்பட்ட ஒருவன், அவனது ரகசியப் பழிவாங்கல், நடுவில் கண்ணைப் பறிக்கும் பாட்டு, கடைசியில் நாட்டுக்கு ஒரு பிரசங்கம். "முதல்வன்", "அந்நியன்", "சிவாஜி" எல்லாம் இந்தச் சட்டத்தில் மாட்டிய படங்களே. மக்கள் அலுக்காமல் பார்த்தார்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? வசனகர்த்தா சுஜாதா இல்லாததுதான் என்பார்கள் படிக்கிற பழக்கம் உள்ள ரசிகர்கள். மேலே சொன்ன மூன்று படங்களுக்கும் முதல் "இந்தியனு"க்கும் வசனம் அவர்தான். 2008-ல் மறைந்து விட்டார். இரண்டாம் பாகத்துக்கு ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லட்சுமி சரவணகுமார் என்று மூன்று பேர் எழுதினார்கள். மூவரும் பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள். ஆகவே குறை வசனத்தில் மட்டும் இல்லை.

குறை கதையில் இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் தைவானில் வாழும் சேனாபதியை, சித்தார்த் தலைமையில் சில இளைஞர்கள் சமூக வலைத்தளம் வழியாகக் கூவி அழைக்கிறார்கள். அவரும் வருகிறார். "உங்கள் வீட்டை முதலில் சுத்தம் செய்யுங்கள்" என்று உத்தரவு போடுகிறார். சித்தார்த்தின் அப்பா லஞ்ச ஒழிப்புத் துறையில் இருந்துகொண்டே லஞ்சம் வாங்குபவர். மகனே அவரைக் காட்டிக் கொடுக்கிறான். அவமானம் தாங்காமல் அம்மா உயிரை விடுகிறாள். வா வா என்று கூப்பிட்ட அதே கூட்டம், போ போ என்று தாத்தாவைத் துரத்துகிறது.

நல்ல முடிச்சு! முதல் படத்துக்கு ஈடான முடிச்சு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது மெல்லத்தான் வந்து சேர்கிறது. அதற்குள் தங்கம் இழைத்த மாளிகையும் கோடீசுவரர்களும் விதவிதமான வர்ம அடியும் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. தவிர, இந்தத் தடவை தாத்தா எதையும் இழக்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைதான் இழக்கிறான். உத்தரவு போட்டவர் நெற்றியில் ஒரு கீறல் இல்லை. ரசிகனுக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். வயதைக் கேட்க ஆரம்பித்ததும் அதனால்தான்.

ஜன்னலும் தரகரும்

"காலம் மாறிவிட்டது அண்ணாச்சி. விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டரில் போகிறது. பணம் கேட்க அந்த ஜன்னலே இல்லையே!" என்று இளையவர் ஒரு சமாதானம் சொல்வார்.

மூத்தவர் விடமாட்டார். "ஜன்னல் போய்விட்டது. வாசலில் நின்ற சந்துரு எங்கே போனான்?"

இதற்குப் பதில் சொல்வது கடினம். ஊர்ப் பத்திரம், பட்டா, லைசென்ஸ் என்று லீவு போட்டுப் போனவர்களுக்குத் தெரியும். பழைய தரகர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதே வாசலில் கடை போட்டிருப்பார். 2018-ல் சட்டத்தைத் திருத்தி, லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளி ஆக்கி விட்டார்கள். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளில் புகார் செய்தால் தப்பலாம். மகளைக் கையில் ஏந்தி நின்ற அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை இந்தச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால், எடுப்பதற்கு இன்னொரு படமே இருக்கிறது. தங்க மாளிகை வேண்டாம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி போதும்.

இரண்டாம் பாகம் முடிந்ததும் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைத் திரையிலேயே காட்டினார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. முழுப் படத்தை விட அந்தச் சில நிமிடங்கள் நன்றாக இருந்தன என்று சொன்னவர்கள் உண்டு. கேலியாகவும் சொன்னார்கள், மெய்யாகவும் சொன்னார்கள்.

"மூன்றாவது வந்தால் போவீர்களா அண்ணாச்சி?"

"திட்டுவதற்காகவாவது பார்க்க வேண்டாமா?"

அதற்குள் தாதர் வந்துவிடுகிறது. இறங்குகிற கூட்டம் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது.