பாட்டுக்காக 30 ஆண்டு முடங்கிய படம்

எடுத்து முடித்து 30 ஆண்டு கழித்து ஒரு படம் திரையரங்குக்கு வந்தால், தணிக்கையில் சிக்கியிருக்கும், இல்லையென்றால் தயாரிப்பாளர் கடனில் மாட்டியிருப்பார் என்றுதான் நினைப்போம். சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ முடங்கியது பாடல்களால்.

லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது பட்டத்துக்காக அவர் எடுத்த படம் இது. செலவு 10,000 டாலருக்கும் குறைவு. அப்போது கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வாட்ஸ் பகுதியில், தான் வளர்ந்த தெருக்களிலேயே வார இறுதிகளில் படம்பிடித்தார். 1977-ல் படம் முடிந்தது.

ஆட்டு இறைச்சிக்கூடத்தில் வேலை செய்யும் ஸ்டானின் அன்றாடம்தான் படம். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓரிடத்தில் ஸ்டானும் நண்பரும் பழைய கார் எஞ்சின் ஒன்றை வாங்கி, படிக்கட்டில் மூச்சுவாங்க இறக்கி, வண்டியின் பின்விளிம்பில் வைக்கிறார்கள். வண்டி கிளம்பியதும் எஞ்சின் சாலையில் விழுந்து உடைகிறது. வறுமையைப் பற்றி யாரும் வசனம் பேசுவதில்லை. இன்னொரு காட்சியில் டைனா வாஷிங்டனின் ‘திஸ் பிட்டர் எர்த்’ ஒலிக்க, கணவனும் மனைவியும் மெல்ல ஆடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான்.

இப்படிப் படம் நெடுக இசைத்தட்டுப் பாடல்கள். ஒவ்வொன்றுக்கும் பாட்டை இயற்றியவர் தரப்பிடம் தனியாக, ஒலிப்பதிவை வைத்திருக்கும் நிறுவனத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மாணவர் படமாக இருந்தவரை அது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. டிக்கெட் போட்டுக் காட்ட வேண்டும் என்றபோது கதவு அடைத்தது. மலிவான இசையை ஒட்டி வெளியிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த நடனக் காட்சியைப் பார்த்தவர் கேட்க மாட்டார்.

பாராட்டு மட்டும் காத்திருக்கவில்லை. 1981-ல் பெர்லின் விழாவில் விமர்சகர் விருது கிடைத்தது. 1990-ல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பிடித்தது. நாடே பாதுகாக்க வேண்டிய படம் என்று அரசு சொன்ன பிறகும் திரையரங்கில் ஓட வழியில்லை!

யுசிஎல்ஏ ஆவணக் காப்பகம் படத்தைச் சீரமைக்க, மைல்ஸ்டோன் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. பாடல் உரிமைக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர். படச் செலவைப் போல 15 மடங்குக்கும் மேல். இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் நன்கொடை கொடுத்து உதவினார். அப்போதும் இறுதிக் காட்சியின் ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாடலுக்கு அனுமதி கிடைக்காததால், ‘திஸ் பிட்டர் எர்த்’தையே மறுபடி ஒலிக்கவிட்டார்கள்.

2025-ல் வந்த 4கே பதிப்பில்தான் அந்தப் பாடல் திரும்பச் சேர்ந்தது. பார்ப்பதானால் அந்தப் பதிப்பையே தேடிப் பாருங்கள்.