விளக்கேற்றினால் குண்டு விழும்!

1971 டிசம்பரில் டில்லியில் இருட்டடிப்பு இருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். கார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு மை. அந்த இருட்டில் வெந்நீர் கொட்டிவிட்டாலே வீடு அமளிப்படும். அதே இருட்டில், வயிற்றில் குண்டு பாய்ந்தவனுக்கு வைத்தியம் செய்வதென்றால்?

1944 ஏப்ரலில் நாகர் மலையிலுள்ள கோஹிமாவில் அதுதான் நடந்தது. சுமார் 2,500 பேர் கொண்ட இந்திய, பிரிட்டிஷ் காவல் படையை ஜப்பானியரின் 31-வது டிவிஷன் வளைத்துக்கொண்டது. டிபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானம்தான் இரு தரப்புக்கும் நடுவே எல்லை! அவ்வளவு நெருக்கம். தண்ணீர் வழியும் அடைபட்டது.

காயமடைந்தவர்களைக் கவனித்தவர் 75-வது இந்தியப் பீல்டு ஆம்புலன்ஸைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஜான் யங். ஆஸ்பத்திரி என்று கட்டிடம் எதுவும் இல்லை. குன்றின் சரிவில் தோண்டிய பள்ளங்கள்தான். ஏற்கெனவே காயம்பட்டுப் படுத்திருந்தவர்கள் மீதே மறுபடி குண்டு விழுந்தது. ஏப்ரல் 13-ந் தேதி சிகிச்சை இடமே தாக்கப்பட்டு, டாக்டர்களும் பலியானார்கள்.

பகலில் தலை தூக்கினால் ஜப்பானியர் சுடுவார்கள். ஆகவே காயமடைந்தவனைத் தூக்கி வரவும், தண்ணீர் கொண்டு வரவும் இருட்டு வேண்டியிருந்தது. ஆனால் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். இந்தச் சங்கடம் கோஹிமாவோடு போகவில்லை. எல்லாப் போர்முனைகளிலும் உண்டு.

கையே கண்

இருட்டில் ஆர்டர்லி கண்ணை நம்புவதில்லை. கழுத்து, அக்குள், முதுகு, தொடை என்று வரிசையாகக் கையால் தடவிப் பார்ப்பான். ஈரமும் வெதுவெதுப்பும் தட்டுப்பட்டால் அங்கே காயம். மழை பெய்துவிட்டாலோ உடம்பு முழுவதும் ஈரம், கணக்குத் தப்பிவிடும்.

இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு தீக்குச்சி கிழித்தால் அத்தனையும் போச்சு. சிவப்பு டார்ச் கண்ணைக் கெடுக்காது. ஆனால் அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணியில் ரத்தக் கறையே தெரியாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதற்குள் டார்ச் அடிப்பதுதான் பழைய உபாயம்.

மார்பியா ஊசியில் வேறொரு ஆபத்து. போட்டவனுக்கே இன்னொருவர் மறுபடி போட்டுவிட்டால் மூச்சு அடங்கிவிடலாம். அதற்காக நெற்றியில் எழுத்து எழுதுவார்கள். இருட்டில் அதை யார் படிப்பது? இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் காலியான மார்பியா குழாயைச் சட்டைக் காலரில் குத்தி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தட்டுப்படும். எளிய யோசனை, எத்தனை உயிரைக் காத்ததோ!

1999-ல் கார்கிலிலும் இதே கதை. டோலோலிங், டைகர் ஹில் சிகரங்களில் நம் ஜவான்கள் இரவில்தான் ஏறினார்கள். குளிரில் சட்டையைக் கழற்றிப் பார்க்க முடியாது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவதும் தாமதப்படும். இன்று இருட்டிலும் பார்க்கும் கண்ணாடிகள் உண்டு. அதில் எல்லாம் ஒரே பச்சை. கிட்டத்திலுள்ள நரம்பு தெளிவாகத் தெரியாது. கடைசியில் கைதான் துணை.

கோஹிமாவுக்கு ஏப்ரல் 18-ல் பஞ்சாப் படையினர் டாங்கிகளுடன் வந்து சேர்ந்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே காயமடைந்தவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டார்கள். அந்தக் குன்றில் இப்போது யுத்த மயானம் இருக்கிறது: 1,420 கல்லறைகள், தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச் சின்னம். டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.