பேரனின் சிறுதேர்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே காப்பு முதலாவது, சிறுதேர் கடைசி. மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தோராந் திங்கள் வரை என்று பாட்டியலார் ஓர் எல்லையுஞ் சொல்வார்கள். சிறுதேர் என்பது குழந்தை தானே இழுத்து உருட்டும் விளையாட்டுத் தேர். பட்டினப்பாலையிலும் அப்படி ஒரு தேர் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து மங்கையர் உலர வைத்த நெல்லைக் கோழி தின்ன வர, அதனை ஓட்டுவதற்குக் காதிற் கிடந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். சிறுவர் குதிரையின்றி உருட்டி வரும் மூன்றுகாற் சிறுதேருக்கு அந்தக் குழை வழித்தடையாகக் கிடக்கிறது. முப்பது ஆண்டுகளாக இதனை வகுப்பிலே சொல்லி வருகின்றேன். குழந்தை உருட்டுந் தேர் போய், குழந்தையை உருட்டுந் தேரொன்று என் வீட்டு முற்றத்திலே வந்து இறங்கும் என்று நான் எண்ணியதில்லை.

2025 ஆம் ஆண்டு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலுக்காக என் மகள் இலண்டனிலிருந்து கிளிநொச்சிக்கு வந்தாள். மருமகனும் கைக்குழந்தையும் உடன் வந்தார்கள். வானிலிருந்து முதலில் இறங்கியது பேரன் அல்லன், அவனுடைய உடைமைகள். நான்கு உருளைகள் பூட்டிய தள்ளுவண்டில் ஒன்று. காரிலே பூட்டும் இருக்கை ஒன்று. மடக்குக் கட்டில் ஒன்று. சூப்பிப்போத்தல்களை நீராவியில் அவிக்கும் பாத்திரம் ஒன்று. பம்பர்ஸ் நிறைந்த பை இரண்டு. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். முல்லைத்தீவுக் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைக்கும் தேர் வேண்டும் போலும் என்று எண்ணிக்கொண்டேன். எண்ணியதோடு நின்றிருக்கலாம்.

"இவ்வளவும் ஒரு பிள்ளைக்கோ?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓமப்பா."

"உன்னை நாங்கள் ஒரு சேலையிலயும் ஒரு கடகத்திலயும் வளர்த்தனாங்கள்."

மகள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "வேற ஒண்டும் கிடைக்காதபடியால் அப்பா. கிடைச்சிருந்தால் அம்மா வேண்டாமெண்டு சொல்லியிருப்பாவோ?"

நான் மனைவியைப் பார்த்தேன். "இஞ்சருங்கோ, பிள்ளை சொல்லுறதில என்ன பிழை?" என்றாள் அவள். தீர்ப்பு எனக்கு எதிராக எழுதப்பட்டுவிட்டது.

அந்தக் கடகத்தின் கதையைச் சொல்லவேண்டும். 1996 ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் பிற்பகுதியிலே கிளிநொச்சியை நோக்கிப் படை நகரத் தொடங்கிற்று. புரட்டாதியில் நகரம் வீழ்ந்தது. அதற்கு முன்னரே ஊர் எழுந்து அக்கராயன், கந்தபுரம், மல்லாவி என்று நடந்துவிட்டது. அப்பொழுது என் மகளுக்கு ஏழு மாதம். எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். பின் கரியரிலே பனையோலைக் கடகத்தைக் கயிற்றாற் கட்டி, உள்ளே பழஞ்சேலையை மடித்துப் போட்டு, அதற்குள் அவளை இருத்தினோம். குழந்தைக்கென்று கொண்டுபோன பொருள்களை இன்றும் எண்ணிச் சொல்வேன்: ஏணை கட்ட ஒரு சேலை, சூப்பிப்போத்தல் ஒன்று, அரை ரின் பால்மா, சுடுதண்ணிப் போத்தல், ஐந்தாறு துணித்துண்டுகள், ஒரு கிலுகிலுப்பை. நான் சைக்கிளை உருட்ட, மனைவி பின்னாலே கடகத்தின் விளிம்பைப் பிடித்தபடி நடந்தாள். செம்மண் புழுதி குழந்தையின் இமைகளிலே படிந்திருந்தது.

அந்த ஆண்டிலேதான் கிபிர் விமானங்கள் இலங்கை வான்படைக்கு வந்தன. வன்னிப் பிள்ளைகள் 'அம்மா', 'அப்பா' என்பவற்றோடு கற்ற சொல் 'கிபிர்'. இரைச்சல் கேட்டதும் சைக்கிளை வீதியோரத்திற் சாய்த்துவிட்டு மரத்தடிக்கோ பதுங்குகுழிக்கோ ஓடவேண்டும். மனைவி குழந்தையின் ஒரு காதைத் தன் மார்போடு அழுத்தி, மறு காதை உள்ளங்கையாற் பொத்தி, பால் கொடுத்துக்கொண்டேயிருப்பாள். வாய் நிறையப் பால் இருந்தால் பிள்ளை வீரிடாது என்பது குழிக்குள் இருந்த தாய்மார் எல்லாரும் கண்ட உண்மை. விமானம் என்ற சொல்லுக்கு நிகண்டு எத்தனை பொருள் சொன்னாலும், எனக்கு நெடுங்காலம் பொருள் ஒன்றே.

இத்தகைய நான் ஐம்பத்தேழாவது வயதிலே, கைக்குழந்தையோடு விமானம் ஏறினேன். மருமகன் விடுமுறை முடிந்து முன்னரே திரும்பிவிட்டார். குழந்தையையும் அத்தனை சாமான்களையும் மகள் ஒருத்தி கொண்டுபோதல் இயலாது. பாடசாலை விடுமுறையும் வந்தது, நானே துணையானேன்.

மாலையிலே வான் புறப்பட்டது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, ஏ-9 வீதியிலே ஓமந்தை, வவுனியா கடந்து கட்டுநாயக்கா சேர்ந்தபோது விடியற் சாமம். ஓமந்தையைக் கடக்கையில் ஒருவரும் இறங்கச் சொல்லவில்லை. சாமான்களை அவிழ்த்துக் காட்டவும் சொல்லவில்லை. பழக்கத்தினாலே நான் மட்டும் அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

விமானப் பிரயாணத்திலே இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம் அன்று. பெரியவர் மடியிலே இருக்கலாம். வெளிநாட்டுப் பிரயாணத்துக்குப் பெரும்பாலும் பத்திலொரு பங்கு கட்டணம். பாட்டியலார் இருபத்தொரு திங்களோடு நிறுத்தினார்கள். விமானத்தார் இருபத்துநான்கு வரை தாராளம். ஆயினும் மடியில் இருக்கும் அந்த முழு மனிதருக்குக் கடவுச்சீட்டுத் தனியே வேண்டும். தள்ளுவண்டிலையும் கார் இருக்கையையும் பெரும்பாலான நிறுவனங்கள் நிறைக்கணக்கிலே சேர்ப்பதில்லை. வண்டிலை விமான வாயில் வரை உருட்டிச் சென்று அங்கே ஒப்படைக்கலாம்.

வாயிலிலே ஒரு வேடிக்கை கண்டேன். மகள் ஒரு கையிலே பிள்ளையை வைத்துக்கொண்டு, மறு கையால் எதையோ அழுத்தி, காலால் ஒரு தட்டுத் தட்டினாள். அத்தனை பெரிய வண்டில் கொக்கு காலை மடக்குவதுபோல் மடங்கிக் கைத்தடியளவாகிவிட்டது.

இந்த மடக்கு வித்தைக்கு ஒரு வரலாறு உண்டு. பிரித்தானியாவிலே ஓவன் மக்லாரன் என்றொரு விமானப் பொறியியலாளர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்திலே புகழ்பெற்ற ஸ்பிட்பயர் போர்விமானத்தின் உருளைக்கால்களை வடிவமைக்கும் வேலையிலே பங்குகொண்டவர். மேலெழுந்ததும் கால்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொள்ளுதல் அவ்விமானத்தின் இயல்பு. அவர் ஓய்வு பெற்றபின், மொஸ்கோவில் வாழ்ந்த மகள் கைக்குழந்தையோடு தந்தையைப் பார்க்க வந்தாள். பிள்ளையையும் பாரமான தள்ளுவண்டிலையும் கொண்டு பிரயாணம் செய்தல் பெரும்பாடு என்று முறையிட்டாள். தந்தை என்னைப்போல் 'உன்னை எதில் வளர்த்தோம்' என்று கேட்கவில்லை. அலுமினியக் குழாய்களை எடுத்தார். குடைபோல் மடங்கும் ஒரு வண்டிலை 1965 இல் வடிவமைத்தார். நிறை ஆறு இறாத்தல். 1967 இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் மடங்கும் வண்டில்களுள் மிகப் பல அதன் வழிவந்தவை. போர்விமானத்தின் காலிலிருந்து குழந்தையின் தேர் பிறந்தது என்பதை மருமகன் தொலைபேசியிலே சொன்னபோது, நான் அக்கராயன் வீதியிலே சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடியதை நினைத்துக்கொண்டு பேசாதிருந்தேன்.

உள்ளே, மகளின் இடைவாரோடு ஒரு சிறு வாரைக் கோத்துக் குழந்தைக்குப் பூட்டுவித்தாள் பணிப்பெண். ஒரே வாரால் இருவரையும் சுற்றிக் கட்டலாகாதோ என்று கேட்டேன். ஆகாது, விமானம் திடீரென நின்றால் தாயின் பாரம் முழுவதும் குழந்தைமேல் விழுந்து நசுக்கிவிடும். ஆனால் இந்தச் சிறு வாரிலும் உலகம் ஒருமித்துப் போகவில்லை. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் மடிக்குழந்தைக்கு அதனைக் கட்டவேண்டும் என்கிறார்கள். அமெரிக்காவிலே எழும்பும்போதும் இறங்கும்போதும் கட்டலாகாது என்கிறார்கள். தனியிருக்கையிலே, குழந்தை இருக்கையைப் பூட்டி இருத்துவதே பாதுகாப்பு என்பது அங்குள்ளோர் அறிவுரை. அறிவுரைதான், சட்டம் அன்று.

சட்டமாகாத கதையிலே ஒரு பெண்ணின் பெயர் உண்டு. 1989 ஆம் ஆண்டு யூலை 19 ஆந் திகதி அமெரிக்காவிலே யுனைற்றெட் நிறுவனத்தின் 232 ஆம் இலக்க விமானம், வால் இயந்திரம் சிதறி, செலுத்தும் ஆற்றலை இழந்து சூ சிற்றியிலே விழுந்து நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் மாண்டார்கள். மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அவர்களைத் துணிகளாற் சுற்றித் தாய்மாரின் காலடியிலே தரையிற் கிடத்துமாறு, அன்றைய விதிப்படி, தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் சொல்லவேண்டியிருந்தது. நால்வருள் ஒரு குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் தாயை எரியும் விமானத்தினுள் மீண்டும் போகவிடாது தடுத்தவரும் அவரே. அதன்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியிருக்கை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். விபத்தை ஆராயும் சபையும் அதனையே பரிந்துரைத்தது. விதி செய்யும் அதிகாரிகளோ, கட்டணம் கூடினால் ஏழைக் குடும்பங்கள் காரிலே போகும், வீதியிலே அதனினும் மிகுதியாக மாள்வார்கள் என்று கணக்குக் காட்டி மறுத்துவிட்டார்கள். கணக்குச் சரியாகவும் இருக்கலாம். 'கையிற் கிடைத்தது போதும்' என்று சொல்வது எளிது. சொல்பவர் தாய்மாரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவராயின் அவ்வளவு எளிதன்று.

விமானம் எழும்பியபோது பேரன் காதைப் பிடித்துக்கொண்டு சிணுங்கினான். மகள் உடனே பால் கொடுத்தாள். நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையே சிறு குழாய் ஒன்று உண்டு. விழுங்கும்போது அது திறந்து இருபுறத்துக் காற்றழுத்தமும் ஒத்துப்போகும். பறக்கையில் உள்ளிருக்கும் அழுத்தம் பிதுருதலாகலை உச்சிக்குச் சற்றுத் தாழ்ந்த இடத்தில் இருப்பதை ஒக்கும் என்பர். இறங்கும்போதுதான் வலி மிகுதி. ஆதலால் பாலை இறக்கத்துக்கும் வைத்திருக்கவேண்டும். பதுங்குகுழித் தாய்மார் இந்தக் குழாயைப்பற்றிப் படித்தவர்கள் அல்லர்.

விமானம் சமநிலை எய்தியபின் முன்சுவரிலே ஒரு தொட்டிலைப் பூட்டித் தந்தார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும்; நிறையளவும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 1950 களிலே பி.ஓ.ஏ.சி. விமானங்களில் தலைக்குமேலுள்ள சாமான் தட்டிலிருந்து தொட்டிலைத் தொங்கவிடுவார்களாம். வளையில் ஏணை கட்டும் எங்கள் வீட்டுமுறை ஆகாயத்திலும் நடந்திருக்கிறது. விமானம் குலுங்கும்போதெல்லாம் பிள்ளையை எடுத்து மடியிலே கட்டு என்றார்கள். உறங்கச் செய்வதும் எழுப்புவதுமாக நாலரை மணித்தியாலம் போயிற்று.

இடைத்தங்கல் வளைகுடா நகரம் ஒன்று. அங்கே வாயிலிலே வண்டில் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். காத்து நின்றோம். எல்லாரும் போய்விட்டார்கள். கடைசியில் ஒருவர் வந்து, அது நேரே இலண்டனுக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்றார். அடுத்த விமானத்துக்கு ஐந்து மணித்தியாலம். அதன் வாயிலோ நிலையத்தின் மறு கோடியில். மகளின் தோளிலே இரண்டு பை. கையிலே எட்டரைக் கிலோ மகன். முந்திய இரவு முழுதும் உறங்காதவள். அவள் கண் கலங்கியதைக் கண்டேன்.

என்னிடம் இருந்தது ஒரு சால்வை. பட்டமளிப்பு மேடை ஒன்றிலே எனக்குப் போர்த்திய நாலு முழச் சால்வை. விமானத்திற் குளிரும் என்று மனைவி கையிலே தந்தது. அதனைத் தோளிலிருந்து இடைக்குக் குறுக்கே கட்டி, முடிச்சை இழுத்துச் சோதித்து, பேரனை உள்ளே இருத்தினேன். முடிச்சுப் போடும் வகையைக் கை மறக்கவில்லை. சைக்கிள் ரியூப் வெடித்த இடத்திலிருந்து அக்கராயன் வரை இவன் தாய் அப்படித்தான் என் மார்பிலே வந்தாள். பேரன் இரண்டு முறை நெளிந்தான். பிறகு என் சட்டைப் பொத்தானைச் சூப்பத் தொடங்கினான்.

"பாத்தியே, சால்வை போதும்" என்று சொல்ல நா எழுந்தது. சொல்லவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் இடுப்பு முறிந்துவிடும் போலிருந்தது. ஐந்து மணித்தியாலமும் அந்த அலுமினியத் தேரை நான் நினைத்தவாறு வேறொன்றையும் நினைத்ததில்லை. 1996 இலும் எனக்கு இடுப்பு நொந்திருக்கும். அப்பொழுது அதனைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை. பின்னர் அதற்கே பெருமை என்று பெயரிட்டுக்கொண்டேன்.

"அப்பா, நோகுதோ? நான் கொஞ்சம் வாங்கட்டோ?"

"நீ படு பிள்ளை. வாயிலிலை கூப்பிடுற நேரம் எழுப்புறன்."

அவள் கதிரையிலே சாய்ந்தவாறே உறங்கிவிட்டாள்.

இலண்டனிலே பெரிய சாமான்கள் வரும் பக்கத்திலே, எல்லாவற்றுக்கும் பின்னால் வண்டில் வந்தது. விரித்தோம். முன் உருளை ஒன்று இல்லை. அச்சாணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மகள் அதனைப் பார்த்தபடி நின்றாள்.

"பட்டினப்பாலையிலயும் மூண்டு காலுத்தான் பிள்ளை" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முறைப்பாட்டுப் படிவம் எழுத அவள் போக, நான் பயணப்பெட்டியையும் பைகளையும் அந்த மூன்றுகாற் சிறுதேரில் ஏற்றி, இல்லாத காலின் பக்கத்தைக் கையால் உயர்த்திக்கொண்டு வெளியே உருட்டினேன். மருமகன் கம்பிக்கு அப்பால் நின்றார். ஓடிவந்து, "மாமா, தாங்கோ, பிள்ளையை நான் தூக்கிறன்" என்று கை நீட்டினார்.

"வண்டிலைப் பிடியுங்கோ தம்பி" என்றேன்.